கடல் கடந்து கற்கச் சென்றோரும் விசா என்னும் வாயிலும்

கல்வி கற்கும்பொருட்டு ஒருவன் வீட்டையும் ஊரையும் பிரிந்து செல்வதை நம் இலக்கண நூலார் ‘ஓதற்பிரிவு’ என்று பெயரிட்டு அழைத்தனர். தொல்காப்பியத்து அகத்திணையியல் அப்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்று வரையறையும் செய்கிறது. அந்த உயர்ந்தோர் யாவர் என்பது பற்றி உரையாசிரியர்கள் நிகழ்த்திய ஆராய்ச்சியை ஈண்டு விரிப்பின் பெருகும். நம் பாட்டன்மார் அப்பட்டியலில் எண்ணப்படவில்லை என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இன்று நிலைமை அவ்வாறில்லை. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சிட்னிக்கும் படிக்கச் செல்லத் தொடங்கியுள்ளனர். எண்ணிக்கை சிறிதே ஆயினும், செல்கின்றனர். அவர்கள் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடையுமுன் கடக்க வேண்டிய வேறொரு வாயில் உண்டு, அதுவே விசா. கடவுச்சீட்டு என்பது ‘இவர் எம்முடையவர்’ என்று நம் நாடு தரும் சான்று. விசா என்பது ‘இவர் எம்மிடம் வரலாம்’ என்று அயல்நாடு அச்சீட்டில் இடும் இசைவு. இரண்டையும் இளைஞர்கள் வெறும் அலுவலகக் காகிதங்களாகவே எண்ணுகின்றனர். ஆயின் இக்காகிதங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘உனக்காக நிற்பவர் யார்?’ என்று ஒடுக்கப்பட்ட மனிதனைப் பார்த்து உலகம் கேட்டுவந்த வரலாறு அது. அதனை அறிந்து செல்பவன் அந்த வாயிலில் நிற்கும்போது மருள மாட்டான்.

அவ்வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் ஒரு பெண்மணி. சாரா பார்க்கர் ரெமண்ட் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் சேலம் என்னும் ஊரில் பிறந்தவர். நம் சேலம் அன்று. மாசாசூசெட்சு மாநிலத்துச் சேலம். அவர் கறுப்பினத்தவர்; எனினும் அடிமையாகப் பிறந்தவர் அல்லர். தந்தையார் உழைப்பால் உயர்ந்து, விருந்து சமைத்து வழங்கும் தொழிலும் முடிதிருத்தும் தொழிலும் நடத்திப் பொருள் ஈட்டியவர். ஆகவே வறுமை அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை; நிறமே தடையாயிற்று. 1835-ஆம் ஆண்டு சாரா உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேறிச் சேர்ந்தார். சில நாட்களுக்குள் நிறத்தின் காரணமாகவே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பெற்றோர் வாளா இருக்கவில்லை. பிள்ளைகள் கற்கும்பொருட்டு நியூபோர்ட் என்னும் வேற்றூருக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்தனர். சில ஆண்டுகள் கழித்தே மீண்டனர். அக்குடும்பத்தாரும் பிறரும் இடைவிடாது போராடியதன் பயனாக 1844-இல் சேலம் நகரப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. அப்போது சாரா பள்ளி வயதைக் கடந்துவிட்டார். திண்ணைப் பள்ளியின் வெளிப்புறத்தே நின்று எழுத்துக் கற்ற முன்னோரை உடைய நமக்கு இச்செய்தி புதுமையன்று.

1853-இல் பாஸ்டன் நகரத்து அரங்கம் ஒன்றில் இசை நாடகம் காண முறையாகச் சீட்டு வாங்கிச் சென்றார். கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய மேல்மாடத்தில் அமருமாறு பணித்தனர். மறுத்தபோது வெளியே தள்ளப்பட்டார், படியில் விழுந்தார். வழக்குத் தொடுத்து 500 டாலர் இழப்பீடு பெற்றார். பின்னர் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் சொற்பொழிவாளராகி, 1858-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அவர் சென்ற நோக்கம் இரண்டு. பருத்தி ஆலைகள் நிறைந்த அந்நாட்டு மக்களிடம், அப்பருத்தியை விளைவிக்கும் அடிமைகளின் துயரை எடுத்துரைப்பது ஒன்று. தம் நாட்டில் மறுக்கப்பட்ட கல்வியைப் பெறுவது மற்றொன்று. 1859 அக்டோபரில் இலண்டனில் பெண்களுக்கென எலிசபெத் ஜெசர் ரீடு அம்மையார் 1849-இல் நிறுவியிருந்த பெட்போர்டு கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்தவர். இன்று நாம் ‘அயல்நாட்டு மாணவர்’ என்று சொல்லும் நிலையில் அன்றே அவர் இருந்தார்.

கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் அவர் பிரான்சு நாட்டுக்குச் சென்றுவர விரும்பினார். அக்கால வழக்கப்படி, அயல்நாட்டில் இருப்பவர் மூன்றாவது நாடொன்றுக்குச் செல்வதாயின், தம் நாட்டுத் தூதரகத்திற்குச் சென்று கடவுச்சீட்டில் மேலொப்பம் பெற வேண்டும். அதற்கும் விசா என்றே பெயர். சாராவின் கையில் அமெரிக்க அரசு வழங்கிய கடவுச்சீட்டு இருந்தது. அதனை எடுத்துக்கொண்டு இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திற்குச் சென்றார். உதவிச் செயலர் பெஞ்சமின் மோரன் என்பவர் மேலொப்பமிட மறுத்துவிட்டார். காரணம், அவர் கறுப்பினத்தவர்; கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகார்; குடிமகள் அல்லாதவர்க்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு செல்லாது என்பது.

இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன், 1857 மார்ச்சில், டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி டானி, ஆப்பிரிக்க வழிவந்தோர் அமெரிக்கக் குடிமக்களாகக் கருதப்பட மாட்டார்கள் என்று தீர்ப்பு வழங்கியிருந்தார். அத்தீர்ப்பின் நிழல் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து, இலண்டனில் ஒரு மாணவியின் கடவுச்சீட்டின்மேல் விழுந்தது. ஒரே அரசின் ஓர் அலுவலகம் கொடுத்த சீட்டை மற்றோர் அலுவலகம் செல்லாது என்றது விந்தையே.

சாரா அழுதுகொண்டு திரும்பவில்லை. தூதர் ஜார்ஜ் டாலசுக்கு எழுத்து மூலம் முறையிட்டார். தம் அரசே தந்த சீட்டு இருக்கையில் உரிமை மறுக்கப்படுவது எவ்வாறு என்று வினவினார். தூதரின் விடையும் மறுப்பாகவே வந்தது. அம்மடல்கள் அனைத்தையும் செய்தித்தாள்களில் வெளியிடச் செய்தார். 1860-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாட்டுப் பத்திரிகைகள் இதனைப் பெரிதாக எழுதின. நேரில் மறுக்கப்பட்டதை எழுத்தில் மறுக்கச் செய்ததும், எழுத்தில் மறுக்கப்பட்டதைப் பலர் அறியச் செய்ததும் அவர் கையாண்ட நெறி. காகிதத்தின் வலிமையை அறிந்த பெண்மணி அவர்.

அதே காலத்தில் புகழ்பெற்ற பிரடெரிக் டக்ளசும் இலண்டன் வந்து, பிரான்சு செல்ல டாலசிடம் சீட்டு வேண்டினார். அவருக்கும் அதே விடை கிடைத்தது. அவர் பிரெஞ்சுத் தூதரிடம் நேரே விண்ணப்பித்து இசைவு பெற்றுக்கொண்டார். சொந்த நாடு ‘என்னுடையவன் அல்லன்’ என்ற ஒருவரை அயல்நாடு ‘வருக’ என்றது. சாரா ரெமண்ட் 1865-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 1866-இல் இத்தாலி சென்று, பிளாரன்சு நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். 1868-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் கறுப்பினத்தார்க்குக் குடியுரிமையை உறுதி செய்தபின்னும் அவர் அங்குக் குடியேறத் திரும்பவில்லை. 1894-இல் இத்தாலியிலேயே மறைந்தார். ரோமாபுரியில் அடக்கம் செய்யப்பட்டார்.

சாராவின் மடல்கள் இலண்டன் பத்திரிகைகளில் வந்த அதே 1860-ஆம் ஆண்டில் நம் சென்னைத் துறைமுகத்தில் நடந்ததையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்றோர் 342 பேர் என்பர். அவர்களைத் தொடர்ந்து எத்தனையோ கப்பல்கள் சென்றன. அவற்றில் நம்மவர் ஆயிரக்கணக்கில் சென்றனர். அவர்களுக்கும் காகிதம் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றோடு சாதியும் அதில் குறிக்கப்பட்டது. கூலியாகச் செல்பவனுக்கு அக்காகிதம் எளிதில் கிடைத்தது. ஆள் பிடிப்போர் வீடு தேடி வந்து கொடுத்தனர். கல்விக்காகச் செல்பவரைத்தான் உலகம் நிறுத்தி வைத்து ‘நீ யார்?’ என்று கேட்டது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் ஊன்றி எண்ணுதல் நன்று.

இனி அண்ணல் அம்பேத்கர் சென்ற வழியைக் காண்போம். அண்ணலின் பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்கிச் சொல்கிறோம். அப்பட்டங்களைப் பெற அவர் எந்தெந்த வாயில்களில், யார் தந்த மடல்களுடன் நின்றார் என்பதைச் சொல்வதில்லை.

1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையை இழந்தார். அவ்வாண்டு ஜூன் 4 அன்று பரோடா சமஸ்தானத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். கல்வி முடித்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்திற்குப் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. ஜூலை மாதம் நியூயார்க் சேர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்காவுக்குச் செல்லும் அயலாரிடம் கடவுச்சீட்டோ விசாவோ கட்டாயமாகக் கேட்கப்படவில்லை. கப்பல் கரை சேர்ந்ததும் மருத்துவர் பார்ப்பார், அதிகாரி சில வினாக்கள் கேட்பார், அவ்வளவே. கட்டற்ற அந்த வழி அதன்பின் நெடுங்காலம் நிற்கவில்லை.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஒற்றர் அச்சத்தால் நாடுகள் யாவும் கதவடைத்தன. 1917 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கக் காங்கிரசு, குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி ஒரு குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசியாவின் பெரும்பகுதியை அது தடை செய்யப்பட்ட மண்டலமாக்கியது. இந்தியா அம்மண்டலத்துக்குள் அகப்பட்டது. இந்தியத் தொழிலாளி இனி அங்குக் கால் வைக்கலாகாது. ஆயின் விலக்குப் பெற்றோர் பட்டியலில் ஆசிரியர், மருத்துவர், வணிகர் முதலியோருடன் ‘மாணவர்’ என்னும் சொல்லும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் அயல்நாட்டார் கடவுச்சீட்டும் விசாவும் கொண்டே வரவேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு ஏற்றுக்கொண்ட கல்வி நிலையத்தில் சேர்வோரே மாணவர் என்று வரையறுத்தது. இன்று அமெரிக்கா செல்லும் மாணவர் தம் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறும் ‘ஐ-20’ என்னும் படிவத்தின் வேரை அச்சட்டத்தில் காணலாம். அண்ணல் நான்காண்டுகள் பிந்திப் புறப்பட்டிருப்பின், ‘மாணவர்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டே உள்ளே சென்றிருக்க வேண்டும்.

அவர் 1916-இல் கொலம்பியாவிலிருந்து இலண்டன் சென்றார். அன்று இந்தியர் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். இங்கிலாந்து செல்ல விசா தேவையில்லை. ஆனால் அறிவுலகத்தின் வாயிலுக்கு வேறு விசா வேண்டியிருந்தது. கொலம்பியாவின் பொருளியற் பேராசிரியர் செலிக்மன் அதனைத் தந்தார். இலண்டன் அறிஞர்களுக்கு அவர் அறிமுக மடல்கள் எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் பொருளியற் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் அண்ணல் சேர்ந்தார்.

மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா அழைத்தது. படிப்பு பாதியில் நின்றது. நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் இசைவளித்தது. 1917 ஆகஸ்டில் பம்பாய் சேர்ந்தார். பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்காத கதை நாம் அறிந்ததே. பின்னர் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் அரசர் சாகு மகராசரின் உதவியும், கொலம்பியாவில் தம்முடன் தங்கியிருந்த பார்சி நண்பர் நவல் பதேனா தந்த ஐயாயிரம் ரூபாய்க் கடனும் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். நான்காண்டுக் கெடு முடியுமுன் சென்றார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பணம் சேரவில்லை என்று இன்னும் ஓராண்டு தங்கியிருப்பின் அந்த இசைவு கெட்டிருக்கும்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டி அவர் 1921-இல் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் விண்ணப்பம் எழுதினார். 1922-இல் அங்குச் சென்று சில மாதங்கள் தங்கினார். செல்லும் நாட்டின் மொழியில் அந்நாட்டாரிடம் பேசுவது எவ்வளவு பெரிய சான்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆங்கிலத்தில் நான்கு வரி விண்ணப்பம் எழுத இணையக் கடைக்காரரை நாடும் நம் பட்டதாரிகள் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன்.

விடுதலைக்குப் பிந்திய செய்திகளைச் சுருங்கச் சொல்லலாம். இங்கிலாந்து 1962-இல் காமன்வெல்த் குடிவரவுச் சட்டத்தால் கதவைப் பாதி அடைத்தது. 1986-இல் இந்தியர் யாவரும் விசா பெற்றே வரவேண்டும் என்றது. நம் நாட்டில் கடவுச்சீட்டு வழங்குவது நெடுநாள் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கருணையாகவே இருந்தது. 1967-இல் சத்வந்த் சிங் சானி வழக்கில் உச்சநீதிமன்றம், அயல்நாடு செல்லுதல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே பாஸ்போர்ட் அலுவலகத்திலும், அதற்கெனக் காவலர் வீட்டுக்கு விசாரணைக்கு வரும்போதும், நம் பிள்ளைகள் கைகட்டி நிற்க வேண்டிய தேவையில்லை. அது இரந்து பெறும் பொருளன்று.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அயல்நாடு சென்று கற்க அரசே பொருளுதவ வேண்டும் என்று அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில் வற்புறுத்தினார். 1940-களின் நடுவில் நம் மாணவர் சிலர் அவ்வுதவியால் இங்கிலாந்து சென்றனர். கேரளத்து உழவூரில் வறிய குடும்பத்தில் பிறந்து, 1945-இல் டாட்டா அறக்கட்டளை உதவியால் இலண்டன் பொருளியற் பள்ளி சென்ற கே. ஆர். நாராயணன் 1997-இல் குடியரசுத் தலைவரானார். இந்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடந்து வருகிறது. 2022-இல் அதன் விதிகளில் ஒரு மாற்றம் செய்தனர். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி இவ்வுதவி இல்லை என்பது அது. 1916 மே மாதம் கொலம்பியாவில் அண்ணல் படித்தளித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. இவ்விதி அன்று பரோடாவில் இருந்திருப்பின் அக்கட்டுரையின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

இன்று விசா அதிகாரி கேட்கும் முதற்கேள்வி நிறத்தையோ சாதியையோ பற்றியதன்று, பணத்தைப் பற்றியது. இங்கிலாந்தின் விதிப்படி, கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் உரிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். நிலமும் நகையும் தலைமுறையாக உடைய குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டன்று. நம்மவர்க்கோ இதுவே மலை. எங்கள் பள்ளியில் பயின்று பொறியியற் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். உறவினர் ஒருவர் கணக்கில் காட்டுவதற்காகப் பணம் தந்தார். இருபத்திரண்டாம் நாள் தமக்கு அவசரம் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டு அம்மாணவர் செல்ல முடியவில்லை. அரசு உதவித்தொகை பெறுவோர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ‘இவர் செலவு எம்முடையது’ என்று அரசு தரும் மடலையே சான்றாக ஏற்றுக்கொள்வர். ஆகவே முதலில் இடம், பிறகு கடன் என்று ஓடாமல், உதவித்தொகை விண்ணப்பத்தின் நாளை முன்னதாக அறிந்து அதற்கேற்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

அமெரிக்காவுக்கு நேர்காணல் உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிடக் கருதுபவர் என்றே அதிகாரி முதலில் கொள்வார். அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவருடையது. சில நிமிடங்களே பேச்சு. என்ன படிக்கப் போகிறீர், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது, முடித்தபின் என்ன செய்வீர் என்பனவே பெரும்பாலும் வினாக்கள். இடைத்தரகர் எழுதிக்கொடுத்த விடையை ஒப்பிப்போரை அதிகாரிகள் எளிதில் கண்டுகொள்வர். போலிச் சான்று கொடுத்தாலோ, பின்னர் நேர்மையாகச் செல்லும் வழியும் நெடுங்காலம் அடைபடும்.

தலைமையாசிரியன் என்ற முறையில் இன்னொன்று. நம் தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டிலோ தந்தை பெயரை விரித்து எழுத நேர்கிறது. பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், சாதிச் சான்றில் மூன்றாம் விதமாகவும் பெயர் இருப்பின் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுகிறார். பிறந்த நாளும் அவ்வாறே. படிக்காத பெற்றோர் ‘அந்த வெள்ளம் வந்த ஆண்டு’ என்று சொல்ல, அன்றைய ஆசிரியர் வசதியான ஒரு நாளை எழுதிவைத்த காலம் உண்டு. அத்தகைய பதிவுகளால் இடர்ப்பட்டோர் நம் சமுதாயத்தில் பலர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்தபின் இவற்றைத் திருத்துவது பெரும்பாடு. தேர்வு எழுதும் மாணவர்களின் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படுமுன் பள்ளியில் சரிபார்க்கப்படுகிறது. அப்போது பெற்றோர் ஒருமுறை பள்ளிக்கு வந்து, பிறப்புச் சான்றையும் ஆதாரையும் அருகில் வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளையின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துச் செல்ல வேண்டும். கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் அப்பட்டியலைக் காட்டுவார்.